வண்டி கிளம்பவில்லையா?

பெங்களூரு சிவாஜிநகரில் பழைய கார் சாமான் கடைகள் பல உண்டு. அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

பெட்ரோல் அம்பாசிடரில் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறது. டாங்கில் பெட்ரோலும் இருக்கிறது. ஆனாலும் வண்டி கிளம்பவில்லை. உடனே புதுக் காயில் வாங்க வேண்டுமா? முதலில் சோதித்துப் பாருங்கள்.

பெட்ரோல் எரியத் தீப்பொறி வேண்டும். பேட்டரி தருவது 12 வோல்ட். காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்து அனுப்புகிறது.

கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரை மறுபடி மாட்டுங்கள். பிளக்கின் இரும்புப் பாகம் என்ஜினில் படும்படி, துளையிலிருந்து தள்ளி வையுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். அப்போது வயரைத் தொடாதீர்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனை கூடாது.

நீலப் பொறி பளிச்சென்று வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. பொறி மங்கலா? வரவே இல்லையா? சாவியை அணைத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறங்கள். ஈரம் இருந்தால் துடையுங்கள். பாயிண்ட் கருத்திருந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

அப்படியும் பொறி வராவிட்டால் கண்டன்சரையும் காயிலையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கெட்டது எது என்று தெரிந்த பிறகு கடைக்குப் போனால் காசு வீணாகாது.