நாய்க்குட்டிகளின் பார்வோ வைரஸ் நோயும் பணிவிடையும்

நாய்க்குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய்களுள், பார்வோ வைரஸினால் உண்டாகும் இரத்தபேதியைப் போல விரைவில் உயிரை மாய்ப்பவை சிலவே. 1978ஆம் ஆண்டில் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலைகாட்டிய இக்கிருமி, ஓரிரு ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் 1982இல் சென்னையிலிருந்து இதைப் பற்றிய ஆய்வறிக்கை வெளியாயிற்று. பூனைகளுக்கு வெள்ளணுக் குறைவு நோயை விளைவிக்கும் வைரஸ் இதற்கு நெருங்கிய உறவுடையது. ஆகவே ஈண்டுக் கூறப்படும் பராமரிப்பு பெரும்பாலும் பூனைக்குட்டிகளுக்கும் பொருந்தும்.

விரைந்து பிரியும் உயிரணுக்களையே இவ்வைரஸ் நாடுகின்றது. குடலின் உட்சவ்வும் எலும்பு மஜ்ஜையும் ஒருங்கே கெடுகின்றன. குடற்சுவர் தேய்வதால் நீரும் உப்புக்களும் வெளியேறுகின்றன. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் இரத்தத்தில் புகுகின்றன. அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களோ அப்போதுதான் குறைந்திருக்கும். 2023இல் அமெரிக்காவில் எதிர்ப்புப் புரதம் ஒன்றுக்கு நிபந்தனையுடன் அனுமதி வழங்கப்பட்டது. எனினும் பெரும்பாலான மருத்துவமனைகளில், உடல் தானே வைரஸை வெல்லும் வரையில் குட்டியை உயிருடன் வைத்திருப்பதே சிகிச்சை. இவ்வேலையிற் பெரும்பகுதி பணிவிடை செய்வோரின் கையில் இருக்கின்றது.

முதற்கண் வேண்டுவது நீர். வாந்தி ஓயாத குட்டிக்கு வாய்வழியே புகட்டிப் பயனில்லை. ரிங்கர் லாக்டேட் போன்ற திரவத்தைச் சிரை வழியாகச் செலுத்துவர். ஊசி செருகிய இடம் வீங்கியுள்ளதா, குட்டி குழாயைக் கடித்துவிட்டதா என்று அடிக்கடி நோக்குதல் வேண்டும். நாள்தோறும் இருமுறை எடை பார்ப்பது எளிய செயல்; ஆனால் இழந்த நீரின் அளவை இதைப்போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. உடல் சில்லிட்டுச் சோர்ந்து கிடக்குமாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். வயிற்றைத் தடவும்போது உருண்டு நீண்ட கட்டி தென்படின், குடல் குடலுக்குள் செருகிக்கொண்டதென்று ஐயுறலாம். அதற்கு அறுவை சிகிச்சையே வழி.

உணவைப் பற்றிய கருத்து மாறியுள்ளமை இங்குக் குறிப்பிடத்தக்கது. வாந்தி நிற்கும் வரையில் பட்டினி போடுவதே முன்னாள் வழக்கம். தென்னாப்பிரிக்காவில் 30 நாய்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு பாதிக்குச் சேர்க்கப்பட்ட 12 மணி நேரத்திலேயே மூக்கு வழியாகச் செருகிய மெல்லிய குழாயில் நீராகாரம் கொடுக்கப்பட்டது. மறுபாதி வழக்கம்போற் பட்டினி கிடந்தது. ஆகாரம் பெற்றவற்றுக்குச் சோர்வும் வாந்தியும் பேதியும் ஏறத்தாழ ஒரு நாள் முன்னரே நீங்கின, எடையும் கூடிற்று. குடலின் உட்சவ்வு, தன்னைக் கடந்து செல்லும் உணவிலிருந்தே ஊட்டத்தின் ஒரு பகுதியைப் பெறுகின்றது என்பதை நினைத்தால் இது வியப்பன்று. ஆயினும் சோர்ந்த குட்டியின் வாயிற் பலவந்தமாகக் கஞ்சியை ஊற்றுதல் கூடாது. அது நுரையீரலிற் சென்றுவிடும்.

மலத்தினால் நனைந்த ரோமத்தை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துதல், விரிப்பை மாற்றுதல் ஆகியவை அற்பமான வேலைகளல்ல. வெள்ளணுக்கள் குன்றிய உடலில் தோற்புண்ணும் ஆபத்தே.

இந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆனால் அவர்தம் காலணியிலும் ஆடையிலும் ஏறி அடுத்த கூண்டுக்குச் செல்லும். கொழுப்புறை இல்லாத வைரஸாதலின் மண்ணிற் பல மாதங்கள் அழியாதிருக்கும். சாராயம் கலந்த கைத்திரவமும் நாம் பெரிதும் நம்பும் பினாயிலும் இதற்கு உதவா. பினாயில் பூனைகளுக்கு நஞ்சுமாகும். தரையை முதலிற் கழுவி அழுக்கை நீக்கியபின், சுமார் 5 சதவீதச் சோடியம் ஹைபோகுளோரைட் கரைசல் ஒரு பங்குக்கு 30 பங்கு நீர் சேர்த்து 10 நிமிடம் ஊறவிடுதல் வேண்டும். நோயுற்ற குட்டிக்குத் தனி அறையும் தனிப் பாத்திரமும், இயலுமாயின் தனிப் பணியாளரும் தேவை. தேறிய குட்டியும் சில வாரங்கள் வரை மலத்தில் வைரஸை வெளியிடக்கூடும்; அதுவரையில் அதை மற்ற குட்டிகளுடன் விடலாகாது.

தாய்ப்பாலிற் பெற்ற எதிர்ப்புப் பொருள் தடுப்பூசியின் பயனை மறிப்பதால், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரையில் ஊசியிடுகின்றனர். ஊசியே இடப்படாத குட்டிகளும், ஊசிகள் முழுமையாக இடப்படாத குட்டிகளுமே மருத்துவமனைகளுக்கு மிகுதியாக வந்து சேர்கின்றன.