மேய்ச்சல் நிலம் காக்கும் தொழில்

பாடத்தில் கவனமில்லாத பிள்ளையை, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று கடிந்துகொள்வது நம் ஆசிரியர்களிடையே நெடுநாளைய வழக்கம். மாடு மேய்க்கவும் அறிவு வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, மாடு மேயும் நிலத்தைக் காப்பதற்கென்றே பல்கலைக்கழகத்தில் பயின்று உத்தியோகம் ஏற்போர் அமெரிக்க நாட்டில் இருக்கின்றனர். அத்தொழில் தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் மழை குறைவு. நம் மலேசியாவில் வெட்டிய புல் சில வாரங்களில் மீண்டும் தழைத்துவிடும். அங்கோ ஆண்டுக்கு ஒருமுறை சில வாரங்களே புல் வளரும் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சர்க்கார் நிலங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. முந்தி வந்த மந்தைக்கே புல்! நாம் விட்டுவைத்தால் அயலான் ஆடு தின்றுவிடும் என்று எண்ணி, புல்லுக்கு ஓய்வு கொடுப்பார் எவருமில்லை. யூட்டா மாநிலத்தில் மேன்டை என்னும் சிற்றூருக்கு மேலுள்ள மலை இவ்வாறே மொட்டையாயிற்று. பெருமழை பெய்தால் சேறும் கல்லும் ஊருக்குள் புகுந்தன. ஊரார் தாமே மனுச் செய்துகொள்ள, 1903இல் அம்மலை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது.

அம்மலைப் பகுதியிலேயே, எஃப்ரேம் என்ற ஊருக்கு மேலே, 1912இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் ஆர்தர் சாம்ப்சன் (1884–1967). அதற்கு முன்பே ஆரிகன் மாநிலத்து வலோவா மலைகளில் அவர் ஓர் அரிய உண்மையைக் கண்டிருந்தார். புல் முற்றி விதை உதிரும்வரை மந்தையை உள்ளே விடாதிருந்து, அதன்பின் விட்டால், ஆடுகளின் குளம்புகளே விதையை மிதித்து மண்ணில் ஊன்றிவிடுகின்றன. எந்தக் குளம்பு மலையை மொட்டையாக்கியதோ அதுவே விதைப்பவனும் ஆகிறது! எனவே நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கொரு பகுதியில் மேய்ச்சலைத் தள்ளிப்போடும் முறையை அவர் வகுத்தார். 1923இல் அவர் எழுதிய நூல் இத்துறைக்கு முதற் பாடநூலாயிற்று.

புல்லின் உயிர் வேரில் இருக்கிறது. வேருக்கு உணவு சமைப்பது இலை. இலையில் பாதிக்குமேல் ஒரே முறையில் கழிந்தால் வேர் வளர்ச்சி நாட்கணக்கில் நின்றுவிடுகிறது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 1955இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. வேர் குறுகிய புல் வறட்சியில் மடியும். அவ்விடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். 'பாதி மேய், பாதி விடு' என்ற வழக்கு அங்கே நிலவுவதன் காரணம் இதுவே.

1934இல் நிறைவேறிய டெய்லர் மேய்ச்சல் சட்டம், அனுமதிச்சீட்டின்றி மந்தை ஓட்டும் காலத்துக்கு முடிவு கட்டியது. இன்று மத்திய சர்க்காரின் நில நிர்வாக இலாகா ஒன்றின் பொறுப்பில் மட்டும் ஏறத்தாழ 15 கோடி 50 இலட்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலம் உள்ளது. அங்குள்ள நிபுணர், ஓர் இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதனுள் அடங்கிய புல்லை வெட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பார். கன்றுடன் கூடிய ஒரு பசு, அல்லது ஐந்து ஆடுகள், ஒரு மாதம் தின்னும் அளவே கணக்கின் அலகு. எத்தனை தலை, எந்நாள் உள்ளே விடுவது, எந்நாள் வெளியேற்றுவது என்பதெல்லாம் அவ்வளவைக் கொண்டு சீட்டில் எழுதப்படும். தாவரவியல், மண்ணியல், கால்நடை வளர்ப்பு, புள்ளியியல் ஆகிய நான்கும் அவர் கற்றிருக்க வேண்டும்.

கற்றால் மட்டும் போதுமா? வறண்ட ஆண்டில் மந்தைக்காரரிடம் சென்று, "இவ்வாண்டு நூறு மாடுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டியவரும் அவரே. மூன்று தலைமுறையாக அந்நிலத்தில் மேய்த்தவர் எளிதில் இணங்குவாரா? கடன் கழுத்தை நெரிக்கும்போது நூறு மாடு சிறிய இழப்பன்று. அவ்விடத்தில் எண்களைவிட உதவுவன புகைப்படங்கள். அடையாளக்கல் நட்ட ஒரே இடத்தில் நின்று, ஆண்டுதோறும் ஒரே திசையில் எடுத்து வைத்தவை. இருவரும் அவற்றை வரிசையாகப் பரப்பி, எந்த ஆண்டில் புற்கொத்துகளிடையே வெறுமண் தெரியத் தொடங்கியது என்று பார்த்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.