2019 வரிக் குறைப்பில் வன்னிக் கடைக்காரருக்குக் கிடைத்தது என்ன?

கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாகப் பதவியேற்ற ஒன்பதாம் நாள், 2019 நவம்பர் 27 அன்று, அமைச்சரவை பெரும் வரிக் குறைப்புக்கு ஒப்புதல் தந்தது. பெறுமதி சேர் வரி, அதாவது எல்லோரும் சொல்லும் வற் வரி, 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. சம்பளத்திலேயே பிடிக்கப்படும் வரி நின்றது. தனியாள் வருமான வரிக்கான விலக்கு ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. அதிகூடிய வீதம் 24இலிருந்து 18 ஆனது. கம்பனிகளின் பொது வரி வீதம் 28இலிருந்து 24க்கு வந்தது. சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: உழைப்பவர், முதலீடு செய்பவர் கையில் பணம் மிஞ்சினால் அது வியாபாரத்தில் இறங்கும், சிறு முயற்சியாளர் தலைநிமிர்வார். ஐந்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் இந்த வாக்குறுதியைக் கணக்கோடு வைத்துப் பார்க்க முடிகிறது. பார்ப்பதற்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அடங்கிய வன்னியை விடப் பொருத்தமான இடம் குறைவு. இங்கே பொருளாதாரத்தைத் தாங்குவதே பலசரக்குக் கடை, அரிசி ஆலை, வேல்டிங் பட்டறை, கருவாட்டு வாடி, ஓட்டோ போன்ற சின்னத் தொழில்கள்தான்.

முதலில் யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடுவோம். 2019 வரை நடைமுறையில் இருந்த சட்டப்படி, தனி உரிமையாளராகத் தொழில் செய்பவருக்கு ஆண்டு இலாபத்தில் 5 இலட்சம் ரூபா விலக்கு உண்டு. அதற்கு மேல் 6 இலட்சத்துக்கு ஒரு படியாக 4, 8, 12, 16, 20 சதவீதம் என ஏறி, கடைசியில் 24இல் நிற்கும். ஆண்டுக்கு 5 இலட்சம் மிஞ்சும் தேத்தண்ணிக் கடைக்காரர் முன்பும் வரி கட்டவில்லை, பின்பும் கட்டவில்லை. அவருக்குக் கிடைத்தது பூச்சியம். 10 இலட்சம் மிஞ்சுபவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபா மீந்தது. மாதத்துக்கு 1,667 ரூபா. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் உழைப்பவரின் வரியோ 24 இலட்சத்திலிருந்து 10 இலட்சத்து 80 ஆயிரமாக இறங்கியது. அவருக்கு மீந்தது 13 இலட்சத்து 20 ஆயிரம். ஒரே சட்டம், ஒரே பேச்சு, ஆனால் ஒருவருக்குக் கிடைத்ததைப் போல 66 மடங்கு மற்றவருக்கு. நடுவில் ஆண்டுக்கு 30 இலட்சம் மிஞ்சும் மொத்த வியாபாரிக்கு 2 இலட்சத்து 60 ஆயிரம் கிடைத்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வன்னியில் அப்படிப்பட்டவர் எத்தனை பேர் என்பதை அந்தந்த நகரத்துக் கடைத்தெருவில் இருப்பவர்களே விரல் விட்டுச் சொல்வார்கள்.

கம்பனி வரியில் கதை இன்னும் வெளிப்படையானது. விற்பனை 50 கோடி ரூபாவுக்குக் குறைந்த சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு ஏற்கெனவே 14 சதவீதச் சலுகை வீதம் இருந்தது. ஆகவே 28ஐ 24 ஆக்கியதில் அவற்றுக்கு ஒரு சதமும் குறையவில்லை. குறைந்தது பெரிய கம்பனிகளுக்குத்தான். அந்த 14 சதவீதமும் பதிவு செய்த நிறுவனங்களுக்கே உரியது, தன் பெயரில் கடை நடத்தும் தனியாளுக்கு அல்ல. வற் வரிப் பதிவுக்கான வரம்போ ஆண்டு விற்பனை 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடிக்கு, ஒரேயடியாக 25 மடங்கு, தூக்கப்பட்டது. சிறு வியாபாரிக்குக் கணக்குப் புத்தகச் சுமை குறையும் என்றார்கள். மாதத்துக்கு 10 இலட்சத்துக்குக் கீழ் விற்பவர் அதற்கு முன்பே வலைக்கு வெளியில்தான் நின்றார். புதிதாக வெளியேறியவர்கள் மாதம் 10 இலட்சத்துக்கும் 2½ கோடிக்கும் இடைப்பட்டவர்கள்.

நேரடியாக வராவிட்டாலும் சுற்றி வரும் என்பது அடுத்த வாதம்: வசதியானவர் செலவழிப்பார், முதலீடு செய்வார், அது கடைசிக் கடை வரை வடியும். வடிவதற்குச் சரிவு வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கை அண்மித்த அளவு மேல் மாகாணத்தில் இருக்கிறது. வட மாகாணம் முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 5 சதவீதம். பரந்தன் கடைக்கு வருபவர் இரணைமடுத் தண்ணீரை நம்பி விதைக்கும் கமக்காரர். முல்லைத்தீவுக் கடைக்கு வருபவர் கடலுக்குப் போகிறவர். இவர்களோடு கூலித் தொழிலாளர், ஆசிரியர், எழுதுவினைஞர். இவர்களில் பெரும்பாலோர் மாதம் ஒரு இலட்சத்துக்குக் கீழ் பெற்றதால் முன்பே வருமான வரிக்கு வெளியில் இருந்தவர்கள். ஆக வாடிக்கையாளரின் சட்டைப் பையும் கனக்கவில்லை. மிஞ்சிய பணம் போன வழியில் ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது: 2022 ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. அதற்கு அன்றைய குறைந்த வட்டியும் காரணம்தான். ஆனால் நாடு வங்குரோத்தை அறிவிக்க மூன்று மாதம் இருந்தபோது உச்சம் தொட்ட சந்தை, ஒட்டுசுட்டானில் ஒரு பட்டறையைக்கூடத் திறந்து வைக்கவில்லை.

இலாபம் வடியவில்லை, நட்டம் வடிந்தது. 2019இல் 1,735 பில்லியன் ரூபாவாக இருந்த வரி வருமானம் அடுத்த ஆண்டு 1,217 பில்லியனுக்கு விழுந்தது. திறைசேரியின் ஓட்டையைப் பார்த்த தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டின் மதிப்பைக் குறைத்தன, வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. மத்திய வங்கி பணம் அச்சிட்டது, டொலர் கையிருப்பு கரைந்தது, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அதன்பின் வந்தவை எல்லாம் சிறு தொழிலின் நெஞ்சிலேயே விழுந்தன. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. வெளியிணைப்பு இயந்திரப் படகுக்கு அதையே நம்பியிருந்த முல்லைத்தீவு மீனவருக்கு அது தொழிலை நிறுத்தும் விலை. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் மேலும் 66. பெரிய வாடிக்கையாளருக்கு வங்கிகள் கொடுக்கும் கடனின் வட்டியே 2021 முடிவில் 8½ சதவீதமளவில் இருந்து ஓராண்டில் 27ஐத் தாண்டியது. லீசிங்கிலும் நுண்கடனிலும் தொங்கியிருந்தவர் என்ன வட்டி கட்டியிருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாதம் 1,667 ரூபா வரி மீந்த கடைக்காரர் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மின்பட்டியல் ஒன்றிலேயே திருப்பிக் கொடுத்திருப்பார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது நியாயமான ஒரு கேள்வி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, கொரோனா, உல்லாசப் பயணத்துறை வீழ்ச்சி, 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை என்று இத்தனை அடி விழுந்திருக்க, வரிக் குறைப்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாமா? தனியாக நிறுத்த முடியாது. கமக்காரரின் விளைச்சலை முறித்தது உரத் தடைதான். அது வேறொரு முட்டாள்தனம். ஆனால் கால ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். பிட்ச் என்ற தரப்படுத்தல் நிறுவனம் இலங்கை பற்றிய எதிர்பார்ப்பை எதிர்மறையாக மாற்றியது 2019 டிசம்பரில்; அப்போது கொரோனா என்ற சொல்லே இங்கு வந்திருக்கவில்லை. தொற்று வந்தபோது இந்தியாவும் பங்களாதேசும் அடிபட்டன. கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது இலங்கை. வருமானம் இருந்த திறைசேரிக்கும் அதைத் தானாகவே பெருமளவு காலி செய்துகொண்ட திறைசேரிக்கும் உள்ள வேறுபாடு அதில் ஒரு பெரிய பங்கு. 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராஜபக்ச சகோதரர்கள் மூவரும் மத்திய வங்கி, திறைசேரி உயரதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தபோதும், அந்த வரிக் குறைப்பு வழக்கின் மையத்திலேயே இருந்தது.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு: இலங்கை மோசமாகச் செய்ததால் கொள்கையே பிழையாகிவிடுமா? பணக்கார நாடுகளிலும் விடை பெரிதாக மாறவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் 2012இல், சிறு தொழிலுக்கு ஊக்கம் என்று சொல்லியே, உரிமையாளர் பெயரில் வரும் தொழில் வருமானத்துக்கு மாநில வரியை முற்றாக நீக்கியது. வேலைவாய்ப்பு எதிர்பார்த்தபடி பெருகவில்லை. தங்கள் சம்பளத்தைத் தொழில் வருமானமாகப் பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்குக் கொண்டாட்டம். பாடசாலைகளுக்குப் பணம் தட்டுப்பட்டு, 2017இல் ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றமே அதைத் திரும்பப் பெற்றது. டேவிட் ஹோப், ஜூலியன் லிம்பேர்க் என்ற ஆய்வாளர்கள் 18 வளர்ந்த நாடுகளின் 50 ஆண்டு வரலாற்றைப் பார்த்து, பெரும் செல்வந்தருக்கான வரிக் குறைப்பு ஏற்றத்தாழ்வைக் கூட்டியது, வளர்ச்சியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தரவில்லை என்று 2020இல் எழுதினர். அமெரிக்கத் தரவுகளை வைத்து ஓவன் சிடார் கண்டது இதன் மறுபக்கம்: கீழ்த்தட்டு 90 சதவீதத்தினருக்குக் கொடுத்த குறைப்பே வேலைவாய்ப்பைக் கூட்டியது. அந்த வகையில் 2019 பொதியிலேயே வற் வீதம் இறங்கியதைத் தனியாக எடுத்துப் பேசலாம். அது ஏழையின் சவர்க்காரத்தையும் தொட்டது. அதையும் செல்வந்தருக்கான சலுகையையும் ஒரே மூட்டையில் கட்டியதால் இரண்டுக்கும் காசில்லாமல் போயிற்று.

வன்னித் தொழில்காரரை முடக்குவது வரி வீதம் என்றே எடுத்துக்கொள்வது முதற்பிழை. கிளிநொச்சியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அதை வங்கிக்கு ஈடு வைப்பது உறுதிக் காணியைப் போல எளிதல்ல. ஈடில்லாதவர் போவது லீசிங்குக்கு, நுண்கடனுக்கு. நெல் வெட்டும் நாளில் காயவைக்கத் தளமில்லை, சேர்த்துவைக்கக் களஞ்சியமில்லை என்பதால் ஈர நெல் வந்த விலைக்குப் போகிறது. சிறிய ஆலைக்காரர் நெல் வாங்கக் கைமுதல் இல்லாமல் நிற்க, லொறியோடு வரும் வெளிமாவட்டப் பெரிய ஆலை அள்ளிக்கொண்டு போகிறது. களஞ்சியம், பனிக்கட்டி ஆலை, காணி உறுதி, கடன் உத்தரவாதம் என்று இவற்றுக்கெல்லாம் அரசிடம் காசு வேண்டும். செல்வந்தருக்கு விட்டுக்கொடுத்த வரி அந்தக் காசுதான்.

விட்டுக்கொடுத்ததைத் திரும்ப வசூலித்த விதத்தைப் பார்த்தால் கணக்கு முழுமையாகும். மேல்தட்டுத் தனியாள்களிடம் 2023 முதல் 36 சதவீதம் வரை கேட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2022 ஒக்டோபரில் கம்பனி வரி 30 சதவீதமானபோது பெரிய நிறுவனம் 24இலிருந்து ஏறியது, சிறிய நிறுவனம் 14இலிருந்து ஏறியது. சலுகை வந்தபோது எதுவும் பெறாதவருக்கு இருமடங்குக்கு மேல். வற் 2024 ஜனவரியில் 18 ஆனது, டீசலும் சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தன. 30 கோடிக்குத் தூக்கிய பதிவு வரம்பு படிப்படியாக 6 கோடிக்கு இறங்கியது. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 3 கோடி 60 இலட்சமாக்க முன்மொழிந்தது. மாதத்துக்கு 30 இலட்சம். சீமெந்து மூட்டை 2,000 ரூபா என்று வைத்தால், நாளுக்கு 50 மூட்டை விற்கும் இரும்புக்கடை அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். மூட்டைக்கு எவ்வளவு இலாபம் நிற்கிறது என்று அந்த வரம்பு கேட்பதில்லை.