விளையாட்டுக் கருவிகளும் ஆக்கப் பன்மையும்: ஓர் ஒப்பீடு

தொலைக்காட்சித் திரையுடன் இணைத்து ஆடப்படும் விளையாட்டுக் கருவிகளை உற்பத்தி செய்யும் நிறுவனங்களுள் யப்பானின் நின்ரெண்டோ, சோனி, அமெரிக்காவின் மைக்றோசொவ்ற் ஆகிய மூன்றும் முதன்மையானவை. ஒவ்வொரு நிறுவனமும் போட்டிக் கருவிகளுக்கு வழங்காது, தன் கருவிக்கெனச் சில விளையாட்டுகளை வெளியிட்டு வந்துள்ளது. இவற்றைத் தனியுரிமை விளையாட்டுகள் என்போம். எந்நிறுவனத்தின் தனியுரிமை விளையாட்டுகள் கூடிய பன்மை வாய்ந்தவை என வினவுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்வர். எதன் பன்மை என்பதை முதலில் வரையறுத்துக் கொள்ளல் தகும்.

விளையாட்டின் பன்மையை ஆட்டமுறைப் பன்மை, பொருட்பன்மை என இருவகைப்படுத்தலாம். சதுரங்கமும் தாயமும் ஆட்டமுறையால் வேறுபட்டவை. சதுரங்கக் காய்களைப் போர்வீரராகவோ விலங்குகளாகவோ செதுக்கினால் தோற்றம் மாறுமேயன்றி ஆட்டம் மாறாது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மூன்று நிறுவனங்களையும் நோக்குவோம்.

நின்ரெண்டோவின் சிறப்பு ஆட்டமுறையிலேயே தங்கியுள்ளது. 1981 இல் தோன்றிய மாரியோ என்னும் பாத்திரம் 1992 இல் வண்டிப் பந்தயத்திலும், 1996 இல் முப்பரிமாண வெளியிலும் புகுந்தது. 2015 இல் வெளிவந்த ‘ஸ்பிளற்றூன்’, சுடுதலை அடிப்படையாகக் கொண்ட ஆட்டத்தை நிலத்திற்கு வர்ணம் பூசும் போட்டியாக மாற்றியது. 2018 இல் வெளிவந்த ‘லாபோ’, மட்டைத் தாளை மடித்துப் பியானோவும் தூண்டிலும் செய்து ஆடவைத்தது. எனினும் பழைய பாத்திரங்களே மீளமீள வருகின்றன. துயரம், குற்றவுணர்வு முதலியன இவற்றுள் அருகியே இடம்பெறுகின்றன.

பொருட்பன்மையில் சோனியின் தொடக்க காலம் வளமானது. 2001 இல் வந்த ‘இக்கோ’வில் சிறுவனொருவன் ஒரு பெண்ணின் கையைப் பற்றி அழைத்துச் செல்வதே ஆட்டத்தின் உயிர்நாடி. 2005 இல் அதே ஆக்கக்குழு வெளியிட்ட ‘ஷடோ ஒவ் த கொலொசஸ்’, பதினாறு பேருருக்களை வீழ்த்தும் வெற்றியையே குற்றவுணர்வாக்கியது. 2012 இல் வெளிவந்த ‘ஜேர்னி’, முகமறியா இருவரைப் பேச்சின்றி ஒரே பயணத்தில் இணைத்தது. பின்னர் ‘த லாஸ்ட் ஒவ் அஸ்’ (2013), ‘கோட் ஒவ் வோர்’ (2018) முதலிய, திரைப்படத்தையொத்த பெருங்கதைகள் முன்னிலை பெற்றன. இவற்றின் தரம் மறுக்கற்பாலதன்று. ஆயினும் ஆடும் முறையில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்துள்ளன. இதற்குச் செலவு முக்கிய காரணமெனலாம். 2020 இல் வெளிவந்த ‘த லாஸ்ட் ஒவ் அஸ்’ இரண்டாம் பாகத்திற்கு ஏறத்தாழ 22 கோடி டொலர் செலவானமை, 2023 இல் அமெரிக்க நீதிமன்றமொன்றிற் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்களால் வெளிப்பட்டது. இத்துணை முதலீடு துணிகரச் சோதனைகளுக்கு இடமளித்தல் அரிது. ‘இக்கோ’ உருவான யப்பானிய ஆக்கக்கூடம் 2021 இல் கலைக்கப்பட்டது. அதில் எஞ்சிய குழு ஆக்கிய ‘அஸ்ற்றோ பொட்’ 2024 இன் தலைசிறந்த விளையாட்டுக்கான விருதொன்றை வென்றமை சிந்திக்கத்தக்கது.

மைக்றோசொவ்ற் நெடுங்காலம் ‘ஹேலோ’ (2001), ‘ஃபோர்சா’ (2005), ‘கியர்ஸ் ஒவ் வோர்’ (2006) ஆகிய மூன்று தொடர்களையே பெரிதும் நம்பியிருந்தது. 2018 முதல் பல ஆக்கக்கூடங்களை வாங்கியதால் அதன் பன்மை விரிந்தது. பதினாறாம் நூற்றாண்டுப் பவேரியாவை ஏட்டுச் சித்திரப் பாணியிற் காட்டும் ‘பென்ரிமென்ற்’ (2022), தாளத்திற்கிசையப் போரிடும் ‘ஹை-ஃபை றஷ்’ (2023) ஆகியன இதற்குச் சான்று. ஆயின் பின்னதை ஆக்கிய தோக்கியோக் கூடத்தை மூடுவதாக 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தென்கொரிய நிறுவனமொன்று அதனைப் பொறுப்பேற்றது. விலைக்கு வாங்கிய பன்மை எளிதிற் கைவிடவும்படும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

தனியுரிமையின் எல்லைகளும் இன்று தளர்ந்து வருகின்றன. 2020 இலிருந்து சோனி தன் பெருவிளையாட்டுகள் பலவற்றைக் கணனிக்கும் வழங்கலாயிற்று. 2024 இல் மைக்றோசொவ்ற் மேற்கூறிய இரு விளையாட்டுகளையும் போட்டிக் கருவிகளுக்கு வழங்கியது. ஆடுவோருக்கு இது நன்மையே. ஆயினும் தன் கருவிக்குத் தனித்தன்மை தேடிய உற்பத்தியாளனே முன்னர் இலாபம் உறுதியற்ற ஆக்கங்களையும் தாங்கினான் என்பதை மறத்தலாகாது. அக்காரணம் நீங்கின் அச்சுமையை யார் ஏற்பர் என்பதே இன்று எழும் வினாவாகும்.

ஆட்டமுறையில் நின்ரெண்டோவும், பொருளில் முற்காலச் சோனியும் முன்னிற்கின்றன என்பது எமது முடிபு. மைக்றோசொவ்ற்றின் பன்மை இன்னும் வேரூன்றவில்லை. இம்மூன்று வரலாறுகளிலும் புதுமை பெரும்பாலும் சிறு குழுக்களிடமிருந்தே பிறந்துள்ளது. ஆதலின் ஒரு நிறுவனத்தின் ஆக்கப் பன்மையை மதிப்பிட விழைவோர் அது எத்தனை விளையாட்டுகளை வெளியிட்டது என்பதுடன், எத்தகைய குழுக்களை நிலைக்கவிட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.