தலைமன்னார்க் கடலில் 51 மணி நேரம்

கடலைக் கடந்தவரைப் பாடுவதில் தமிழ்ப் புலவர்க்குச் சலிப்பே இல்லை. அனுமன் இலங்கைக்குத் தாவியதைச் சொல்லக் கம்பர் ஒரு படலத்தையே ஒதுக்கினார். அவன் மீண்டு வந்த வான்வழியையோ மிகச் சுருக்கமாகவே கூறிச் சென்றார். கதையின் வேகத்துக்கு அது தக்கதே. ஆயின், அதே கடலைத் தோளாலும் காலாலும் அளந்த ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர்க்கு, அவர் போனதைக் காட்டிலும் மீண்டதே பெரிதாகத் தோன்றும். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த சட்டத்தரணி வி. எஸ். குமார் ஆனந்தன் 1971ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அங்கிருந்து மறுபடியும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். போகவும் வரவுமாகச் சென்ற நேரம் 51 மணி.

இக்கடலை அறியாதவர், “முப்பது கிலோமீற்றர்தானே, அதுவும் ஆழமில்லாத கடல்தானே” என்று சொல்லக்கூடும். ஆழமின்மைதான் இங்கே இடர். மன்னார்த் தீவின் மேற்கு முனையிலிருந்து தனுஷ்கோடி வரையில் மணற்றிட்டுகள் ஒரு சங்கிலிபோற் கிடக்கின்றன. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்குவது இதுவே. சில இடங்களில் ஆள் நிற்கும் அளவு நீர்தான் உண்டு. திட்டுகளுக்கு இடையிலுள்ள வாய்களூடே பாக்கு விரிகுடாவின் நீரும் மன்னார்க் குடாவின் நீரும் ஒன்றையொன்று தள்ளிப் பாய்கின்றன. சோழகக் காற்றின் காலத்தில் நீரோட்டம் வடக்கு நோக்கும். வாடைக் காலத்தில் தெற்கு நோக்கும். மேற்கே போகவேண்டிய நீச்சல்காரர் இதனால் பக்கவாட்டில் இழுபடுவார். நேர்கோட்டில் முப்பதாக இருக்கும் தூரம் கைவீச்சில் எவ்வளவோ கூடிவிடும். இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் சற்று அடங்கியிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களை நீந்துவோர் பலரும் தேர்வது அதனால்தான்.

திட்டில் ஏறிச் சற்று இளைப்பாறலாகாதா என்றால், ஆகாது. நெடுந்தூர நீச்சலின் விதி கடுமையானது. துணைக்கு வரும் வள்ளத்தைக் கையாலும் தொடக்கூடாது; உணவையும் நீரையும் வள்ளத்திலிருந்து நீட்டித் தருவார்கள், மிதந்தபடியே உண்ணவேண்டும். மன்னார்க் கரையில் முத்துக் குளித்தோர் ஒரு மூச்சுக்குக் கடலடியில் இருந்தது ஒரு நிமிடமோ சற்றுக் கூடவோதான். பின்னர்த் தோணியின் விளிம்பைப் பற்றி மூச்சு வாங்கினார்கள். நீச்சல்காரருக்கு அந்த விளிம்பும் இல்லை.

ஆனந்தனுக்கு முன்னரும் வீரர் இருந்தனர். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் வடகரையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தி, பாக்குநீரிணையைக் கடந்த முதல் மனிதர் என்று பெயர் பெற்றார். வங்காளத்தின் மிகிர் சென், அவரும் ஒரு வழக்கறிஞரே, 1966 ஏப்ரில் 5ஆம், 6ஆம் நாள்களில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். இந்தியக் கடற்படையின் கப்பல்கள் அவருக்குத் துணை சென்றன. இருவர்க்கும் மறுகரை என்பது முடிவு. ஆனந்தனுக்கோ அது பாதிவழி.

அந்தப் பாதிவழி எத்தகையது என்பதையும் எண்ணவேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துச் சென்று அப்போது ஏழாண்டுகூட நிறையவில்லை. புகையிரத நிலையமும் தேவாலயமும் இடிந்த சுவர்களாக மணலில் நின்றன. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட துறை அங்கே இல்லை. நீந்தி அலுத்தவரை வா என்றழைக்க ஓர் ஊரே இல்லாத கரை அது. அங்கே நின்றுவிட்டாலும் எவரும் குறை சொல்லியிரார். மிகிர் சென்னுக்குக் கிடைத்த புகழ் அவருக்கும் கிடைத்திருக்கும். அவர் கிழக்கே முகத்தைத் திருப்பினார். 51 மணி நேரமெனில் இரண்டு இரவுகளேனும் உறக்கமின்றி நீரிலே கழிந்திருக்கவேண்டும். உப்பு நீரில் நாக்குத் தடிக்கும், தோல் உரசிப் புண்ணாகும், சொறிமீன் தீண்டும், வெப்ப நாட்டுக் கடலாயினும் நாழிகை செல்லச் செல்ல உடற்சூட்டை அது உறிஞ்சிவிடும்.

பின்னாளில் அவர் செய்தவை சிலருக்கு வேடிக்கையாகப் பட்டன. 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் இடைவிடாது சைக்கிள் ஓட்டினார். அடுத்த ஆண்டு சுதந்திர சதுக்கத்தில் 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். சென்னை அண்ணா நீச்சற் குளத்தில் 80 மணி நேரம் நீரை மிதித்தபடி மிதந்தார். கின்னஸ் புத்தகம் இவற்றைப் பதிந்துகொண்டது. ஒற்றைக் காலில் நிற்பது விளையாட்டா, வித்தையா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆயினும் இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: எதிலும் அவர் எதிராளி ஒருவரை முந்த முயலவில்லை. உடம்பு ‘போதும்’ என்று சொல்லும் கணத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையே அவர் தேடினார். தலைமன்னார் நீச்சலை அறிந்தவர்க்கு மற்றவை அதன் கிளைகளாகவே தோன்றும்.

அந்தத் தேடல் அவரை ஆங்கிலக் கால்வாய்க்குக் கொண்டுசென்றது. தூரத்தால் அது தலைமன்னார்க் கடலைவிடச் சிறிதளவே நீண்டது. ஆனால் கோடையிலும் அங்கே நீரின் வெப்பம் 15 முதல் 18 பாகை அளவில்தான் இருக்கும். 1984 ஆகஸ்ட் 6ஆம் நாள், அதைக் கடக்கும் முயற்சியிலே அவர் உயிர் நீத்தார். வயது 41.

அவர் நீந்திய கடலும் அதற்குள் வேறாகிவிட்டது. 1983க்குப் பின் பேசாலையிலும் தலைமன்னாரிலும் இருந்து இரவோடிரவாகப் பல்லாயிரவர் படகேறி இராமேசுவரக் கரையை நாடினர். கூலி வாங்கிய படகோட்டிகள் சிலர் அவர்களை இடையிலுள்ள மணற்றிட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பியதும் உண்டு. குழந்தைகளோடு அங்கே காத்துக் கிடந்தவர்களைக் கடற்காவலர் வந்து மீட்டனர். கப்பற் போக்குவரத்து நின்றது, புகையிரதம் நின்றது. 2015இல்தான் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த 51 மணிக் கணக்கு தொடுவாரின்றிக் கிடந்தது.

2021 ஏப்ரிலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த றொசான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும் அங்கிருந்து தலைமன்னாருக்கும் நீந்தினார். அவருக்குச் சென்றது 28 மணி 19 நிமிடம். நீரோட்டத்தை முன்னறியும் வசதியும் உணவு முறைகளும் பயிற்சியும் இந்த ஐம்பதாண்டில் எவ்வளவோ மாறிவிட்டன. அதனால் இருவரையும் மணிக்கணக்கால் ஒப்பிடுவது பொருந்தாது. அச்செய்தியை வெளியிட்ட ஏடுகள், முறியடிக்கப்பட்ட சாதனை யாருடையது என்று சொல்லவேண்டியிருந்ததால், குமார் ஆனந்தன் என்ற பெயரையும் பக்கத்திலே அச்சிட்டன.