நுரையைத் தாண்டிப் பார்ப்போம்: ஷாம்புவில் உள்ள வேதியியல்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'கார்பனும் அதன் சேர்மங்களும்' பாடத்தில் சோப்பு அழுக்கை நீக்கும் விதத்தைக் கற்பிக்கிறோம். மாணவர்கள் வீட்டில் பயன்படுத்தும் ஷாம்புவைக் கொண்டும் அப்பாடத்தைத் தொடங்கலாம். "நுரை நிறைய வந்தால்தான் நல்ல ஷாம்பு", "இதில் இரசாயனமே இல்லை" போன்ற விளம்பரச் சொற்களை அவர்களே சீர்தூக்கிப் பார்க்க அது உதவும்.

எப்படிச் செயல்படுகிறது?

ஷாம்புவின் பெரும்பகுதி தண்ணீர். அழுக்கை நீக்குவது அதிலுள்ள பரப்புக் கவர்ச்சிப் பொருள். இம்மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் தலையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, நீர் அதை அடித்துச் செல்கிறது. நுரை இச்செயலின் உடன்விளைவே. தூய்மையின் அளவுகோல் அன்று.

சோடியம் லாரில் சல்பேட் பிசுக்கை வலுவாக நீக்கும். சிலருக்குத் தோலை உலர்த்தி எரிச்சலூட்டும். சோடியம் லாரெத் சல்பேட் அதைவிட மென்மையானது. கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன் இன்னும் மென்மையானது. குழந்தைகளுக்கான ஷாம்புகளில் இது அதிகம் இடம்பெறும். நறுமணப் பொருள்களும் சில பதப்படுத்திகளும் சிலருக்கு ஒவ்வாமை தரலாம்.

உறையை வாசிப்போம்

1 சதவீதத்துக்கு மேலுள்ள பொருள்களை அளவின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. எனவே முன்பகுதியில் படமாக மின்னும் மூலிகை, பட்டியலின் கடைசியில் இருந்தால் அது மிகக் குறைவாகவே இருக்கும். 60 மில்லிக்குக் குறைந்த திரவப் பொதிகளுக்கு இப்பட்டியல் கட்டாயம் இல்லை. நம் மாணவர் பலர் வாங்குவது சிறு பாக்கெட்டுகளையே. அதே ஷாம்புவின் பெரிய பாட்டிலைக் கடையில் பார்த்து வாசிக்கச் சொல்லலாம்.

சீயக்காயும் வேதியியலே

சீயக்காயில் உள்ள சப்போனின் இயற்கையான பரப்புக் கவர்ச்சிப் பொருள். ஆயினும் கண்ணில் பட்டால் எரியும். 'இயற்கை' என்பதாலேயே ஒன்று மென்மையாகிவிடாது, தண்ணீரும் வேதிப்பொருள்தான்.

வகுப்பறைச் செயல்பாடு

செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். இரு குவளைகளில் அச்சாற்றை ஊற்றி, ஒன்றில் குளியல் சோப்புக் கரைசலையும் மற்றொன்றில் ஷாம்புவையும் சேர்க்கச் சொல்லுங்கள். சோப்பு காரத்தன்மை உடையது. சாறு பச்சையாக மாறும். பெரும்பாலான ஷாம்புகளில் அப்படி மாறாது. தலைத்தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை கொண்டது. சோப்பால் தலைமுடி ஏன் சொரசொரப்பாகிறது என்பதை இதிலிருந்து விவாதிக்கலாம். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு திரிந்து முடியில் படிவதையும் சேர்த்துப் பேசலாம்.

தேர்வு செய்யும்போது

தலையில் எண்ணெய்ப் பிசுக்கு குறைவாக இருந்தால் மென்மையான வகையும் சிறிதளவும் போதும். நன்றாக அலசுவது அவசியம். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த ஷாம்புவை நிறுத்தி, மருத்துவரைப் பார்க்க வேண்டும். பொடுகு, பேன் உள்ள குழந்தையை வகுப்பில் சுட்டிக்காட்டாமல், பெற்றோரிடம் தனியே பேசுவது நம் கடமை.

விலையையும் விளம்பரத்தையும் விட்டு, உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒரு மாணவருக்கு வந்தால், அது ஷாம்புவோடு நிற்காது. தின்பண்டப் பொட்டலத்துக்கும் மாத்திரை அட்டைக்கும் தொடரும்.