பழைய இழைத் தொகுதிக்கு விடை

மைசூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரு கிளையாகிறது. ஒன்று பந்திப்பூர் வழியாக உதகைக்கும், மற்றொன்று முத்தங்கா வழியாக வயநாட்டுக்கும் செல்லுகிறது. வனவிலங்குகளின் பாதுகாப்பைக் கருதி 2009ஆம் ஆண்டில் இக்காட்டுப் பாதைகளில் இரவுப் போக்குவரத்து தடை செய்யப்பட்டது. வயநாடு செல்வோருக்கு ஹுன்சூர், கோணிக்கொப்பல் வழியாக மாற்றுப் பாதை காட்டப்பட்டது. ஆம்புலன்சுகளுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கும் அளிக்கப்பட்டது. பலர் நம்பியிருக்கும் வழியை மூடுங்கால் மாற்றும் விலக்கும் இன்றியமையாதவை. கணினித் துறையிலும் இவ்வாறே. லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய இழைத் தொகுதி ஓய்வுபெற்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஒரு நிரல் பல வேலைகளை ஒருங்கே செய்யும்பொருட்டுத் தன்னைப் பல இழைகளாகப் பிரித்துக்கொள்கிறது. அவ்விழைகளைத் தோற்றுவித்து நடத்தும் நிரல்களின் சேர்க்கையே இழைத் தொகுதி எனப்படும். லினக்ஸில் இப்பணியை நெடுநாள் ஆற்றியது, பிரெஞ்சு அறிஞர் ஸேவியர் லெரோய் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லினக்ஸ்த்ரெட்ஸ்' ஆகும்.

அதில் குறைகள் சில இருந்தன. ஒரே நிரலின் இழைகள், இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலுக்குத் தனித்தனிச் செயல்களாகவே தோன்றின; ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண் கிடைத்தது. முழு நிரலுக்கென அனுப்பிய சமிக்ஞை ஓரிழையை மட்டுமே அடைந்தது. எல்லா இழைகளையும் மேற்பார்வை இழையொன்றே தோற்றுவிக்க வேண்டியிருந்தது. அது மாண்டால் எஞ்சியவற்றைக் கையால் அகற்ற நேர்ந்தது. 1995ஆம் ஆண்டின் 'போஸிக்ஸ்' தர விதிகளும் முழுமையாக நிறைவேறவில்லை.

இவற்றைக் களைய உல்ரிச் ட்ரெப்பர், இங்கோ மோல்னார் ஆகியோர் 2002ஆம் ஆண்டில் 'என்.பி.டி.எல்.' என்னும் புதிய தொகுதியை அமைத்தனர். கெர்னலும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஒரு சோதனையில் 1,00,000 இழைகளைத் தொடங்கப் பழைய முறைக்குச் சுமார் 15 நிமிஷங்கள் பிடித்தன. புதிய முறைக்கு 2 வினாடிகளே போதுமாயின.

எனினும் பழையது உடனே அகற்றப்படவில்லை. கட்டளைகளின் பெயர்கள் மாறாமையால், விதிப்படி எழுதப்பட்ட நிரல்கள் இடரின்றி இயங்கின. பழைய முறையின் குறைகளையே இயல்பெனக் கொண்டு எழுதப்பட்டவையோ தடுமாறின. பழைய ஜாவாப் பதிப்புகள் சிலவும் இவற்றுள் அடங்கும். இவற்றின்பொருட்டு இரு தொகுதிகளும் சில காலம் அருகருகே வைக்கப்பட்டன. சூழல் மாறி ஒன்றைக் குறித்துவிட்டால், அந்நிரலுக்கு மட்டும் பழைய தொகுதி வழங்கப்படும். 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த 'குனூ சி' நிரல் தொகுதியின் 2.4ஆம் பதிப்பில் இவ்விலக்கு முடிவுற்றது.

சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதே. ஆதலின் நம் அலுவலகங்களில் பழைய நிரல்களைப் பேணுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நலம்: விலக்குக் காலம் வாளாவிருப்பதற்கன்று, நிரல்களைத் திருத்திக்கொள்வதற்கே தரப்படுகிறது.